அசைன்மென்ட் எப்போதோ செத்துப் போச்சு!

போன மாதம் சேலம் போயிருந்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் ஜாகை. ஏற்காடு அடிவாரத்து ஊர். மொட்டை மாடியில் ஏறினால் சேர்வராயன் மலை மூக்குக்கு நேரே நிற்கும்.

சிநேகிதருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். (எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் காலேஜாகவும் இருக்கலாம்.)

சாயங்காலம் அந்தப் பெண் செல்போனும் கையுமாக உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, படிப்பா?"

"அசைன்மென்ட்டுங்க மாமா. சுற்றுச்சூழல் கல்வி. நாளைக்குக் கடைசி நாள். பத்துப் பக்கம்."

"பத்துப் பக்கமா? எப்ப முடிப்பே?"

"ஏ.ஐ. எழுதிக் குடுத்துருச்சுங்க. நாலு நிமிஷம்தான். இப்ப அதைக் கையால காப்பி பண்ணிட்டு இருக்கேன். அதுக்குத்தான் கை வலிக்குது."

வாங்கிப் பார்த்தேன். தலைப்பு: நீர் மாசுபாடு. முன்னுரை, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், முடிவுரை எல்லாம் ஜோராக இருந்தன. கங்கை இருந்தது. லண்டன் தேம்ஸ் இருந்தது. 1969-ல் அமெரிக்காவில் தீப்பிடித்து எரிந்த குயஹோகா ஆறுகூட இருந்தது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

சேர்வராயன் மலைத்தொடரில் பிறந்து, சேலம் நகருக்குள் சாயக்கழிவும் சாக்கடையுமாக நாறி, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிற திருமணிமுத்தாறு மட்டும் அதில் இல்லை.

உடனே உங்களுக்குக் கோபம் வரும். "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான் சார். எல்லாம் குறுக்கு வழி. இந்த ஏ.ஐ.யைத் தடை பண்ணணும்" என்பீர்கள்.

எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தப் பெண் மேல் இல்லை. அந்த எந்திரத்தின் மேலும் இல்லை.

* * *

நாம் படிக்கிற காலத்தில் என்ன செய்தோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சீனியரின் நோட்டை வாங்கி அப்படியே இறக்கினோம். சீனியர் கைடைப் பார்த்து இறக்கியிருந்தார். கைடு எழுதியவர் வேறு ஒரு கைடிலிருந்து இறக்கியிருந்தார். என் வகுப்புத் தோழன் ஒருவன் பந்தயம் கட்டி, அசைன்மென்ட்டின் ஏழாவது பக்கத்தில் முந்தின நாள் பார்த்த சினிமாவின் கதையை எழுதி வைத்தான். பத்துக்கு எட்டு மார்க் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'குட்' வேறு.

அசைன்மென்ட் செத்தது அன்றைக்கு! படிக்க ஆள் இல்லாத எழுத்து எப்படி உயிரோடு இருக்கும்? இத்தனை வருஷமாகப் பிணத்துக்கு மாலை போட்டு, உட்கார வைத்து, உள்மதிப்பீட்டு மார்க் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வந்தது. வந்து என்ன செய்தது? துணியை விலக்கி முகத்தைக் காட்டிவிட்டது. அவ்வளவுதான். கொலைப் பழியை அதன் மேல் போடாதீர்கள்.

இதில் பெரிய வேடிக்கை, பாடம் சுற்றுச்சூழல் கல்வி என்பது. அது எப்படி உங்கள் பிள்ளையின் காலேஜுக்குள் வந்தது தெரியுமா? எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட பொதுநல வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல வருஷம் இழுத்தடித்து, 2003-ல் கோர்ட் மறுபடி குட்டிய பிறகு, எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் கட்டாயம் என்று யு.ஜி.சி. ஒரு பாடத்திட்டம் கொடுத்தது. மொத்தம் 50 வகுப்பு. அதில் 5 வகுப்பு நேரம் களப்பணி. பக்கத்து ஆற்றையோ மலையையோ காட்டையோ நேரில் போய்ப் பார்த்து எழுது. மாசுபட்ட இடம் ஒன்றுக்குப் போய்ப் பார். சுற்றுப்புறத்துச் செடி, பூச்சி, பறவையைக் கவனி. இதுதான் அதில் இருந்தது.

இப்போது 'புதுமைக் கற்பித்தல் முறை' என்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்களே, அந்தப் புதுமை இருபது வருஷத்துக்கு முன்பே பாடத்திட்டத்தில் அச்சாகிக் கிடக்கிறது. எத்தனை காலேஜில் அந்த ஐந்து மணி நேரம் நடந்தது? உங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆற்றுக்குப் போனாயா, பத்துப் பக்கம் எழுதினாயா என்று.

சேர்வராயன் மலை அடிவாரத்திலேயே வாழ்கிற பெண்ணுக்கு மலையைப் பார்த்து எழுதச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்துக் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. 2010-ல் தொடங்கி சேலம் மக்களே கூடித் தூர் வாரி, நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வளர்த்த ஏரி. இப்போது பறவை வருகிறது. அதையும் பார்க்கச் சொல்லவில்லை. பத்துப் பக்கம் மட்டும் கேட்டார்கள். எந்திரம் பத்துப் பக்கம் கொடுத்தது. கேட்டது கிடைத்தது. இதில் யாருக்கு என்ன வருத்தம்?

* * *

சில மாதம் முன்பு ஒரு கல்லூரியில் ஆசிரியர்களுக்கான பயிலரங்குக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: 'செயற்கை நுண்ணறிவு யுகத்தில் புதுமை வகுப்பறை'. மாணவர்களைப் பேசவிட வேண்டும், விரிவுரை முறை ஒழிய வேண்டும் என்று ஒருவர் விரிவுரை ஆற்றினார். இரண்டு மணி நேரம்! திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். கேள்வி கேட்க நேரமில்லை; சாப்பாடு ஆறிவிடும் என்றார்கள். ஆனால் இடம், நேரம் பதிவாகிற ஜியோடேக் போட்டோ மட்டும் மறக்காமல் எடுத்தார்கள். நாக் குழு வந்தால் காட்ட வேண்டுமாம்.

சார், இந்த வித்தை நமக்குப் புதுசு இல்லை. இனி புத்தகமே வேண்டாம், சினிமா எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிடும், பத்தே வருஷத்தில் பள்ளிக்கூடம் மாறிவிடும் என்று 1913-ல் எடிசன் ஜோசியம் சொன்னார். 1975-ல் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு செயற்கைக்கோள் வழியாக டி.வி. கொண்டுபோனோம். 1984-ல் யு.ஜி.சி. தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடம் ஒளிபரப்பியது. 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் விண்ணுக்குப் போனது. அப்புறம் ஸ்மார்ட் போர்டு. அப்புறம் கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு. கேமராவை அணைத்துவிட்டுப் பசங்க தூங்கியது ஊருக்கே தெரியும்.

எந்தக் கருவியும் கெட்ட கருவி இல்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர் நிஜமாகவே கற்றார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாம் கருவியை வாங்கிவிட்டு, 'கல்வி வந்துவிட்டது' என்று ரிப்பன் வெட்டினோம். வாங்கியதற்கு பில் இருக்கும். கற்றதற்கு?

* * *

இங்கே எந்திரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னையும் பழைய பஞ்சாங்கம் என்பீர்கள்.

அன்று ராத்திரி அதே பெண் இன்னொன்றைக் காட்டினாள். புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று ஒரு பாடம். வகுப்பில் இங்கிலீஷில் ஓட்டிவிட்டார்கள். இவள் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எழுந்து கேட்கக் கூச்சம். எந்திரத்திடம் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகத் தட்டிக் கேட்டிருக்கிறாள். புரியவில்லை, புரியவில்லை என்று ஆறு தடவை. கடைசியில், "எங்க அப்பா கொலுசு செய்யறார், அதை வெச்சுச் சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். ஒரே அச்சில் செய்த பத்துக் கொலுசு, ஒவ்வொன்றும் கொஞ்சம் எடை மாறுகிறது. சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் விஷயம் என்று விளக்கியிருக்கிறது. "அப்பத்தானுங்க மாமா மண்டையில ஏறுச்சு" என்றாள்.

ஆறு தடவை கேட்டும் அது முகம் சுளிக்கவில்லை. "இதுகூடத் தெரியாதா, நீயெல்லாம் எதுக்குக் காலேஜுக்கு வந்தே?" என்று கேட்கவில்லை. வீட்டில் கேட்க ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு இப்படி ஒரு துணை கிடைப்பது சின்ன விஷயமா? வசதியான வீட்டுப் பையனுக்கு டியூஷன் இருக்கிறது, அண்ணன் இருக்கிறான், எஞ்சினியர் சித்தப்பா இருக்கிறார். இவளுக்கு இது. இதைத் தடை பண்ணச் சொல்கிறவர்கள் முதலில் அந்த டியூஷனைத் தடை பண்ணுங்கள், பார்க்கலாம்!

ஆக, ஒரே பெண். ஒரே செல்போன். ஒரே எந்திரம். சாயங்காலம் காப்பி அடிக்க உதவியது. ராத்திரி கணக்கு கற்றுக் கொடுத்தது. வித்தியாசம் எங்கே? கேட்கப்பட்ட கேள்வியில்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2025-ல் வெளியானது. ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போல விடையைக் கொடுத்துவிடும் எந்திரம். பயிற்சிக் கணக்கில் 48 சதவீதம் முன்னேற்றம். ஆஹா என்கிறீர்களா? எந்திரத்தைப் பிடுங்கிவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். எந்திரமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள்! இன்னொரு பிரிவுக்கு, விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் சொல்லும் எந்திரம். பயிற்சியில் 127 சதவீதம் முன்னேற்றம். பரீட்சையில் அந்தச் சரிவு இல்லை.

அந்த இரண்டாவது எந்திரத்துக்கு எந்தக் கணக்கில் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள், எந்த இடத்தில் என்ன குறிப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது யார்? ஆசிரியர்கள்! ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் ஏ.ஐ. ஆசான் ஜெயித்தது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அங்கேயும் அதற்குப் படிப்படியாகப் பாடம் கட்டிக் கொடுத்தது அந்த வகுப்பின் ஆசிரியர்கள்தான். நல்ல வாத்தியார் பின்னால் இருக்கிற எந்திரம் வாத்தியார் வேலை பார்க்கும். இல்லாவிட்டால் அது கைடு. கொஞ்சம் வேகமான கைடு.

* * *

'ஒருவருக்கொருவர் கற்பித்தல்' என்று இப்போது நமக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூர் 1991-ல் தன் வகுப்பில் தொடங்கியது. கேள்வியைப் போடுவார். பக்கத்தில் இருப்பவனோடு வாதாடு என்பார். நல்ல முறை, மறுக்கவில்லை.

அதற்கு இருநூறு வருஷம் முந்தைய கதை ஒன்று கேளுங்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றுக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பாளர். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருகிற முறையைத் தன் விடுதியில் வைத்தார். சட்டாம்பிள்ளை என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்த வகையறாதான். 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பரவியது.

மணல் இருந்தது, விரல் இருந்தது, சொல்லித்தர ஒரு பிள்ளை இருந்தது. கரண்ட் தேவைப்படவில்லை. திண்ணைப் பள்ளி எல்லோரையும் ஏற்றவில்லை, பிரம்பும் சாதியும் அங்கே இருந்தன என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. புதுமை என்பது ப்ளக் பாயின்ட்டில் இல்லை, பிள்ளையை வாய் திறக்க வைப்பதில் இருக்கிறது என்கிறேன்.

நம் வகுப்பில் யார் வாய் திறக்கிறார்கள்?

* * *

இப்போது காலேஜுகளில் புதுசாக ஒரு போலீஸ் வேலை. மாணவர் எழுதியதா, எந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்க ஒரு சாஃப்ட்வேர். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படி ஏழு சாஃப்ட்வேர்களைச் சோதித்தார்கள். இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளைப் போட்டால், சராசரியாக 61 சதவீதத்தை 'எந்திரம் எழுதியது' என்று தப்பாகச் சொல்லியிருக்கின்றன. சாட்ஜிபிடி செய்த ஓப்பன்ஏஐ கம்பெனியே, தான் விட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதாது என்று அதே வருஷம் ஜூலையில் வாபஸ் வாங்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, தட்டுத் தடுமாறி எளிய இங்கிலீஷில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதுகிறது ஒரு பிள்ளை. 'திருடி' என்கிறது கம்ப்யூட்டர். யாரிடம் போய் அழும்?

இன்னொரு அவமானம். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ புது மாடல் விட்டபோது, முன்பு 116 துண்டாக உடைத்துப் படித்த ஒரு தமிழ் வாசகத்தை இனி 35 துண்டிலேயே படிக்கும் என்று சொன்னது. தமிழில் கேட்பது அதற்குச் சுலபமாகிறது, மலிவாகிறது என்று அர்த்தம். வியாபாரம்தான், சேவை இல்லை. ஆனாலும் அமெரிக்கக் கம்பெனி தமிழுக்கு இறங்கி வருகிறது. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை சேர்த்து விளக்க நம் வகுப்பறை இறங்கி வர மாட்டேன் என்கிறது!

* * *

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். கடைசியில் எல்லாம் அங்கேதான் போய் நிற்கும்.

2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேருகிறவர்கள் இந்தியாவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47. உண்மையாகவே காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். 2022-ல் புதுமைப்பெண் திட்டம், 2024-ல் தமிழ்ப் புதல்வன்; மாதம் ஆயிரம் ரூபாய். 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட், முதலில் 2,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 'ஏழைப் பிள்ளைக்கு எதுக்கு லேப்டாப்?' என்று கேட்கிற கூட்டத்தில் நான் இல்லை. கொடுங்கள். இன்னும் கொடுங்கள்.

ஆனால் அந்த லேப்டாப்புக்கு எதிரே நிற்கிற ஆசிரியர் யார்? நம் அரசுக் கலைக் கல்லூரிகளை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. சொன்னது 2019-ல். இவர்கள் வருஷக்கணக்கில் போராடிப் போராடி 25,000-த்தை எட்டினார்கள். பேரில்தான் கௌரவம். தனியார் காலேஜ் வாத்தியார் கதை இதைவிட மோசம். அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்து வர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் 60 பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ எழுதியதைச் சொல்லு, ஏன் அப்படி எழுதினே?" என்று ஐந்து நிமிஷம் கேட்டால் 300 நிமிஷம். ஐந்து மணி நேரம். எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாம். யார் எழுதியது என்று இரண்டாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூன்று வகுப்பு எடுத்தால் 15 மணி நேரம். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத மனுஷன் இதை எந்த நேரத்தில் செய்வார்?

நான் கேட்பது நாலே நாலு. எந்திரத்தை வகுப்புக்குள் தைரியமாகக் கொண்டு வாருங்கள். அது எழுதியதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, எங்கே தப்பு, எது நம் ஊருக்குப் பொருந்தாது என்று திருத்தச் சொல்லுங்கள். பத்துப் பக்கத்தை ஒழித்து இரண்டு பக்கம் கேளுங்கள். போய்ப் பார்த்தது, விசாரித்தது மட்டும். எழுதியதைப் பற்றி ஐந்து நிமிஷம் வாயால் பேச வையுங்கள், தமிழில் பேசினாலும் மார்க் போடுங்கள். நாலாவது, இதையெல்லாம் செய்ய நிரந்தர ஆசிரியரைப் போடுங்கள். நாலாவது இல்லாமல் மற்ற மூன்றும் வெறும் ஜியோடேக் போட்டோ.

* * *

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணிடம், "பத்துப் பக்கத்தோடு ரெண்டு பக்கம் நீயா எழுதேன், கண்ணு" என்றேன். "என்னத்தங்க எழுதறது?" என்றவள், பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற ஓடைத் தண்ணி முன்பு எதுவரை வந்தது, துணி துவைத்த இடம் எது, எப்போது நின்றது, இப்போது அங்கே யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பாட்டி அரை மணி நேரம் சொன்னாள். எந்த எந்திரத்துக்கும் தெரியாத தகவல். இவள் எழுதினாள். எழுத்துப் பிழை இருந்தது. வாக்கியம் இடறியது. ஆனால் படிக்கும்போது தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது.

போன வாரம் போன் பண்ணி விசாரித்தேன்.

"மிஸ் என்ன சொன்னாங்க கண்ணு?"

"ஒண்ணும் சொல்லலீங்க மாமா. பாவம், நூத்தி எண்பது நோட்டு. எல்லாருக்கும் கடைசிப் பக்கத்துல டிக் போட்டிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே மார்க்குங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அவளே கேட்டாள். "அடுத்த தடவையும் நானே எழுதணுமாங்க மாமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வகுப்பறைக்கு அடுத்த எந்திரம் வாங்கக் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது.